பதினோரு வருஷத் தாகம்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"மாப்ளே... உடனே கிளம்பி வா. கொலை."

அக்காவின் கணவர். தாவரவியல் பேராசிரியர்.

"யாரு மாமா செத்தது?"

"என் குழந்தை..."

"உங்களுக்குத்தான் குழந்தையே கிடையாதே?"

பத்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் மாமாவின் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைக்குள் நின்றார். தொட்டியில் ஒரு செடி. இலைகள் சருகாகி, தலை கவிழ்ந்து... செத்திருந்தது.

"இதுதான் பிணமா? ஜீப் டீசலுக்கு நான் என்ன கணக்கு எழுதறது?"

"கிண்டல் பண்ணாதடா. தண்ணியே இல்லாம வாழற செடி இது. பதினோரு வருஷமா ஒரு சொட்டு ஊத்தினதில்ல."

அந்தச் செடிக்குத்தான் பதினோரு வருஷத்துக்கு முன் சாதனை விருது, தங்கப் பதக்கம். ஆனால் அதன் விதைகளில் முளைத்த செடிகள் போன இடமெல்லாம் கருகின. மறு வருஷமே விருதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி நேரில் வருகிறது. செடி உயிரோடிருந்தால் விருது மறுபடி ஆரம்பம். இல்லாவிட்டால் பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மணி பதினொன்றே முக்கால்.

"யார் மேல சந்தேகம்?"

"தோட்டக்காரன். ஒரு வாரமா ஆளக் காணோம்."

கதவு திறந்தது. தோளில் பையோடு தோட்டக்காரர். தொட்டியைப் பார்த்தார். பை நழுவியது.

"போச்சா..."

இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "மண்ணுல என்னத்தக் கலந்தே?"

"ஒண்ணும் ஊத்தல சார். அதான் தப்பாப் போச்சு."

"புரியற மாதிரி பேசு."

"தினம் ரெண்டு மக் தண்ணி ஊத்துவேன், ஐயா வர்றதுக்கு முன்னாடி. பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டேன்... ஊத்த ஆளில்ல."

பேராசிரியர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "பதினோரு வருஷமாவா?"

"விருது வாங்கின மறுவாரமே தலை தொங்கிடுச்சுங்க. நீங்க பதக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்துட்டிருந்தீங்க. சொல்ல மனசு வரல."

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தப்படும் ஓசை. ஒன்று... இரண்டு... மூன்று...

தோட்டக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, பின்னாடி ஒழுகற குழாயடியில இதே ரகம் ஒண்ணு தளதளன்னு நிக்குது. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். இப்ப செத்ததுகூட ஒரிஜினல் இல்லீங்க. நாலாவதா மாத்தி வெச்சது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "கொலைன்னு கூப்பிட்டீங்க மாமா. இது ஆள்மாறாட்டக் கேஸ். பேசாம கமிட்டிகிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்த பதக்கத்தைத் தடவினார். காலடிச் சத்தம் நெருங்கியது.

தோட்டக்காரரிடம் திரும்பினார்.

"ஓடு. தூக்கிட்டு வா... வரும்போது இலையில இருக்கற ஈரத்தைத் துடைச்சிடு."