அழுத்தம் சரியாக உள்ளது

காலையில் எழுந்ததும் ஜெசிந்தா தன் காற்றை எடை பார்த்தாள். நாளுக்கு ஓர் உருளை என்பது கணக்கு. நேற்றையதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பேச ஆளில்லாதவர்களுக்குக் காற்று மிச்சமாகும் என்பது செவ்வாய்க் கிரகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பிறகு தபாலைப் பார்த்தாள். மனநலப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஊருக்கு மாற்றல் கேட்டு அவள் போட்ட நான்காவது மனுவையும் தள்ளிவிட்டார்கள். "தங்கள் மன அழுத்தமானி ஆறு ஆண்டுகளாகப் பச்சையில் உள்ளது. எனவே தங்களுக்குத் துன்பம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை."

அவள் தன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். தோலுக்கடியில் பருப்பளவு விளக்கு ஒன்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. செவ்வாயில் குடியேறிய எல்லாருக்கும் முதல் நாளே அதை ஏற்றிவிடுவார்கள். மனம் தாங்காமல் போனால் சிவக்கும். சிவந்தவர்களை ஊருக்குள் கூட்டங்கூட்டமாக மனிதர்கள் வாழும் இடத்துக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம். முந்தின இரவு ஒன்றரை மணிநேரம் தலையணையில் முகம் புதைத்து அழுதவளின் கையில் அது பச்சையாகவே இருந்தது.

புதுமணப்பாடு நகரத்துக்கும் வடக்குச் சுரங்கத்துக்கும் நடுவே தொள்ளாயிரம் கிலோமீட்டர் செம்மண். அதன் பாதி வழியில் இருந்த ஒரே பணிமனை அவளுடையது. பத்து நாளுக்கு ஒரு கார் வரும். அந்தக் குளிரில் மின்கலங்கள் செத்துவிடுவதால், பூமி கைவிட்ட பழைய எஞ்சினையே அங்கே மறுபடி கொண்டுவந்திருந்தார்கள். மீத்தேனையும், அதை எரிக்கப் பிராணவாயுவையும் சுமந்துகொண்டு அவை ஓடின.

அன்று உச்சிவேளையில் ஒரு கார் நத்தைபோல ஊர்ந்து வந்து காற்றறைக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தவன் இசக்கியப்பன், சுரங்கத்தில் பாறை ஆய்வு செய்பவன். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, எண்ணெய் அழுத்தம் பூஜ்யம்னு காட்டுது. அறுபது கிலோமீட்டரா உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாரேன். எஞ்சின் நின்னா ஹீட்டரும் நின்னுரும். அப்புறம் நான் கட்டைதான்."

"பதறாத தம்பி. ஓடட்டும், அணைக்காத."

அவள் எஞ்சின்மீது உள்ளங்கையை வைத்துக் காது கொடுத்தாள். எண்ணெய் ஏறாத எஞ்சின் கல்லை மெல்லுவதுபோலச் சத்தம் போடும். இது சாந்தமாக உறுமியது. அணைக்கச் சொல்லி, அளவுகோலை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். எண்ணெய் முக்கால் வரை இருந்தது. எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் உணரிக்குப் போகும் கம்பிகளில் மின்சாரமும் ஒழுங்காக வந்தது.

பிறகுதான் உணரியைக் கழற்றி, அந்தத் துளையில் தன் கைமானியைத் திருகினாள். மின்சாரமோ கணினியோ இல்லாத, முள் மட்டும் உள்ள வட்டக் கருவி அது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

முள் துடித்து எழுந்து மூன்றரையில் நின்றது.

"பாத்தியா? எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. உணரிதான் பொய் சொல்லுது."

இசக்கியப்பன் மூச்சு விட்டான். பிறகு, "அப்போ அது சரின்னு காட்டினாலும் நம்பக்கூடாதோ?" என்றான்.

"தனியா ஒண்ணை வெச்சு அளந்து பாக்காம எதையும் நம்பக்கூடாது."

புது உணரியைப் பொருத்தப் பத்து நிமிடம் போதும். அவள் அரைமணி எடுத்துக்கொண்டாள். இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கினாள். ஊரில் புதிதாக என்ன கடை வந்திருக்கிறது, கோயில் கொடை விழா நடந்ததா, கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடக்கிறார்களா என்றெல்லாம் கேட்டாள். அவனும் பதில் சொன்னான். ஆனால் கண் வெளியே இருந்தது. புழுதிக்காற்று எழும்புமுன் அவன் போகவேண்டும்.

"வாரேன் அக்கா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கவே இல்ல பாருங்க."

"நல்லா இருக்கேன்."

யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. கார் போய்ச் சிவப்பு அடிவானத்தில் புள்ளியாகும்வரை அவள் சன்னலருகே நின்றாள். தன் குரல் காதிலேயே நின்றது. இதையேதான் அவள் தினமும் காலையில் சொல்கிறாள். மனநலப் பிரிவின் இயந்திரம் சுவரிலிருந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும். பல் துலக்கியபடியே அவள் பதில் சொல்வாள்.

கைவேலை பழகிய பெண் என்பதால் அவள் செய்யவேண்டியதைச் செய்தாள். தன் மணிக்கட்டில் இருந்த கருவியின் கையேட்டைத் தேடி எடுத்தாள். யாரும் படிக்காத நாற்பத்தோராம் பக்கத்தில் விஷயம் இருந்தது. மனம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், அணிந்திருப்பவர் தினமும் சொல்லும் பதிலைக் கேட்டு மானி தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அவள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காலைகளில் நல்லா இருக்கேன் என்றிருந்தாள். மானி கருத்தாகக் கற்றுக்கொண்டது. அந்த நெஞ்சடைப்பு, அந்தத் தூக்கமின்மை, அந்த அழுகை, எல்லாம் சேர்ந்ததுதான் 'நல்லா இருப்பது' என்று.

மறுநாள் காலை சுவர் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். பழைய பதில்தான் வந்தது. அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் பல் துலக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"நல்லா இல்ல," என்றாள். சொன்னபின் நிறுத்த முடியவில்லை. "ஒரு மனுசர் முகம் பாக்க முடியல. சோறு இறங்கல. எனக்கு இங்க இருக்க முடியல."

தினமும் அதையே சொன்னாள். ஒன்பதாம் நாள் விளக்கு சிவந்தது. அவள் அந்தச் சிவப்பை முத்தமிட்டாள்.

ஒரு மணிநேரத்தில் அழைப்பு வந்தது. மனநலப் பிரிவு அதிகாரி, பெயர் கஜபதி. ஆறு ஆண்டுகளில் அந்த அலுவலகத்திலிருந்து கேட்ட முதல் மனிதக் குரல்.

"கவலைப்படாதீங்க மேடம். உங்க மானி பழுதாயிருச்சு. வேற அனுப்புறோம்."

"சார், மானி இப்பத்தான் சரியா காட்டுது. நான்தான் சரியில்ல."

"ஆறு வருசம் பச்சையா இருந்தது திடீர்னு சிவக்குமா? இந்த ஊர்ல பதினோராயிரம் பேரு இருக்கோம். ஒருத்தருக்குக்கூடச் சிவந்ததில்ல, தெரியுமா?"

எஞ்சின் சத்தம் கேட்டுப் பழகிய காது அவளுடையது. அந்தக் குரலின் அடியிலும் ஏதோ கல்லை மென்றுகொண்டிருந்தது.

"சார், நீங்க எப்படி இருக்கீங்க?"

"நானா? நல்லா இருக்கேன்," என்றார் கஜபதி சட்டென்று. பிறகு இருமினார். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "வேற யாரும் இப்படிக் கேட்டதில்ல," என்று முணுமுணுத்தவர், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதிலிருந்து நான்காம் நாள் ஆளில்லா விமானம் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனது. ஜெசிந்தா அதைப் பிரித்தாள். பஞ்சுக்குள் புது மானி படுத்திருந்தது. யார் உடம்பிலும் இன்னும் ஏறாத அது, பளிச்சென்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் உட்கார்ந்து ஒரு பழுது அறிக்கை எழுதினாள். தன்னைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. "புதிய மானியும் பழுது. யாரையும் தொடாமலே பச்சை காட்டுகிறது." இருபது ஆண்டுத் தொழிலில் அவள் எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றையும்போல இதுவும் உண்மை.

நான்கு மனுக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து மாதம் எடுத்துக்கொண்ட அலுவலகம், இதற்கு ஆறு நிமிடத்தில் பதில் அனுப்பியது.

"மிகவும் வருந்துகிறோம். நாளைக் காலையே எங்கள் ஆள் ஒருவர் நேரில் புறப்பட்டு வருகிறார். பழுது தீரும்வரை, எத்தனை வாரமானாலும், அங்கேயே தங்கியிருப்பார். மானி மிகவும் நுட்பமானது. அவர் வந்து சேரும்வரை தயவுசெய்து அதைத் தனியாக விட்டுவிட வேண்டாம்."