இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை

லேப்டாப்பின் விசிறிச் சத்தம் நின்றிருந்தது. பதினொரு வருஷமாக மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு அறிக்கை தட்டச்சு செய்கிறவளுக்கு அந்த இரைச்சல் மூச்சுபோலப் பழகிப்போயிருந்தது. இப்போது, மாலை ஐந்து மணிப் புழுக்கத்தில், சூடான பிளாஸ்டிக் வாடையும், சுவரில் மெல்ல ஏறும் சன்னல் கம்பிகளின் நிழலும், முன்னறையில் மகள் பாடத்தை முணுமுணுக்கும் சத்தமும்தான் மிச்சம்.

திரையில் காலையிலிருந்து அதே வாசகம். புதிய இயங்குதளத்தை ஏற்க இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை.

“தகுதியைப் பத்தி நீ பேசறியா?” என்று அதனிடமே எரிந்து விழுந்தாள். நாலு தடவை முயன்றாகிவிட்டது. நாளையிலிருந்து பழையதில் வேலை கிடையாது என்று மேற்பார்வையாளர் மதியம் ஃபோனில் கறாராகச் சொன்னபோதும் அவள் மசியவில்லை.

“நல்லா ஓடுற மெஷினை எதுக்கு சார் தூக்கிப் போடணும்? இதை மாத்தணும்னா முதல்ல என்னை மாத்துங்க!”

“சரிம்மா, பதிவு பண்ணிக்கிறேன்,” என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் இப்போது நெருடியது.

தகுதிச் சோதனையை ஐந்தாம் முறையாக ஓட்டினாள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன இடது சுண்டுவிரலால் பொத்தானை அழுத்தினாள். தலை பின்னும்போது குத்துகிறதென்று மகள் தினமும் சிணுங்குகிற விரல். பட்டியல் வரி வரியாக வந்தது.

செயலி: பழையது.
நினைவகம்: போதாது.
முழங்கால்: தேய்மானம்.
இடது சுண்டுவிரல்: கோணல்.

விரலைப் பொத்தானிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

பயனர்: தகுதி இல்லை. மாற்று அனுப்பப்பட்டது.

“யாருகிட்ட விளையாடறே?” மூடியை அறைந்து சாத்தினாள்.

“அம்மா, தலை பின்னி விடும்மா!” முன்னறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

வாயைத் திறந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. முன்னறையிலிருந்து. அவள் குரலில்.

“இதோ வந்துட்டேன் கண்ணு.”

பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இது அவள் வீடு. அவள் பெற்ற பெண். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். சாத்திய மூடிக்குக் கீழே விசிறி மறுபடி இரையத் தொடங்கியது. முழங்கால் வலித்தது. வலிக்கட்டும். முன்னறை வாசலில் போய் நின்றாள்.

“விடுடி அவளை!”

மகள் திரும்பவில்லை. தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால், இவள் போட்டிருக்கும் அதே நீலச் சட்டையில், ஒருத்தி.

“இன்னிக்குக் குத்தவே இல்லம்மா,” என்று சிரித்தாள் மகள்.

கூந்தலை வகிர்ந்துகொண்டிருந்த இடது கையில் சுண்டுவிரல் நேராக இருந்தது.