முதன்மைக் குரல்

மேலாளர் பாராட்டியபோது அவளுடைய மைக் மியூட்டில்தான் இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. திரையின் கீழ் ஓரத்தில், மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு கிடந்தது. "நேத்து கூட்டத்துல ஒரு சின்ன இரைச்சல்கூட இல்ல. எல்லாம் நம்ம மியூட் மேடம் புண்ணியம்" என்றார் அவர். நன்றி சொல்வதற்காக அவள் அந்தச் சிவப்புக் கோட்டை நோக்கி மவுஸை நகர்த்தினாள். அது போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் சிரித்தார்கள். கணக்குப் பிரிவு அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு நாளா இந்த வாயை எங்க மேடம் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்ட மேலாளர், பதிலைக் கேட்பவர்போல ஒரு நொடி தலையைச் சாய்த்திருந்துவிட்டு, மறுபடியும் சிரித்து, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அவள் வாயையே திறக்கவில்லை.

பெரிய கூட்டங்களை இணையத்தில் நடத்திக் கொடுப்பது அவள் நிறுவனத்தின் தொழில். வந்தவர்களை உள்ளே விடுவது, பேசாதவர்களை மியூட் செய்வது, பேச வேண்டியவர் மியூட்டிலேயே வாயசைத்துக்கொண்டிருந்தால் எடுத்துச் சொல்வது, இதெல்லாம் அவள் பொறுப்பு. ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். யார் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, முக்கியமான பேச்சின் நடுவே யார் யாரை "வாயை மூடு" என்று அதட்டுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டிலிருந்து மட்டும் எந்தச் சத்தமும் போனதில்லை. போவதற்கு ஏதாவது இருந்தால்தானே! "உங்க வீடு எவ்வளவு அமைதி, குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க" என்பார் கணக்குப் பிரிவு அம்மாள். அவள் சிரித்து வைப்பாள். அம்மா இறந்த பிறகு வந்த அமைதி அது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போகிற தூரத்தில் அக்கா இருந்தாள். அம்மா காரியம் முடிந்த அன்றே "எங்கூட வந்துடுடி" என்றாள். அவள் "பார்க்கலாம்" என்றாள். அதற்குப் பிறகும் அக்கா கேட்கும்போதெல்லாம் அதே "பார்க்கலாம்". யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற வீம்பு. இப்போது வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. காலையில் எழுந்தால் பேச ஆள் இல்லை, கூட்டம் தொடங்கி "எல்லாருக்கும் என் குரல் கேட்குதா?" என்று கேட்பதுதான் அவள் நாளின் முதல் பேச்சு. போன வாரம் அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டாள்: "கீழ் ரூமை உனக்குன்னுதான் வெச்சிருக்கேன். அத்தான் வாடகைக்கு விடலாம்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீடியோல வருவோம்ல, அப்ப ஒரு முடிவு சொல்லிடு." வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சொல்லை மனத்துக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மாலையில் அன்றைய பதிவைத் திறந்தாள். கூட்டத்தில் இருக்கும்போது நம் குரல் நமக்குத் திரும்பி வராது, மற்றவர்களுக்குத்தான் கேட்கும். நாம் என்ன பேசினோம் என்பதைப் பதிவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மேலாளர் பாராட்டினார். உடனே ஒரு பெண்குரல், "புண்ணியம் எல்லாம் எனக்கு, சம்பளம் எல்லாம் உங்களுக்கா சார்?" என்றது.

அவள் குரலேதான். அவளைவிடக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஒலியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இன்னொன்றும் உடனே பிடிபட்டது. அவள் எப்போதும் மைக்கிலிருந்து ஒரு கை தள்ளித்தான் உட்காருவாள். அந்தக் குரலோ மைக்கில் உதடு உரசப் பேசியிருந்தது. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. பதிவைப் பின்னோக்கி ஓட்டினாள். கூட்டத்தின் தொடக்கத்தில் அவளே நிஜமாகப் பேசிய இடம் வந்தது. அங்கே அவள் குரல் இல்லை. தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குவதுபோல் ஏதோ ஒன்று, அதுவும் பாதியில் துடைக்கப்பட்டு, மெல்லத் தேய்ந்து போனது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் மென்பொருளில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. 'முதன்மைக் குரல்' என்று பெயர். ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் அது நம் குரலைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அறையில் கேட்கிற மற்றச் சத்தங்களையெல்லாம் அழித்துவிடும். அவளும் படித்துக் காட்டினாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் சத்தமாக எதையும் படித்ததில்லை; தன் குரலே வேற்றாள் குரல்போல் சுவரில் மோதித் திரும்பியது. அவள் படித்து முடித்த பிறகும், பேச்சு கேட்டால் மட்டும் துடிக்கிற பச்சை வட்டம் திரையில் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. எதிரொலியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். படித்தது அவள் மட்டும்தானா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த வசதியை நிறுத்தினாள். மைக்கைச் சோதிக்கும் பக்கத்துக்குப் போய், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நான் பேசறது கேட்குதா?" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். ஃபிரிட்ஜின் முனகல் வந்தது. கடிகாரம் வந்தது. அவள் வரவில்லை. கையை நீட்டி நிறுத்தப் போகிற நேரத்தில், காதுக்குள்ளேயே யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். லேப்டாப்பை மூடி, அதன்மேல் ஒரு தலையணையை வைத்து, அறைக் கதவையும் சாத்தினாள். அந்த வார இறுதிக்கு முன் வந்த கூட்டங்களுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். இரவுகளில் கூடத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்போனில் தட்டினாள்: 'அக்கா, நான் வந்துடறேன். எப்ப வரலாம்?' அக்காவுக்குக் கண்ணில் புரை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது என்பாள். அத்தானாவது படித்துச் சொல்லுவார். இனி யாருடைய வாயும் வேண்டாம், எழுதிவிட்டோமே என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு பெட்டியை இறக்கித் துடைத்து, நாலு புடவைகளையும் அம்மாவின் போர்வையையும் எடுத்து வைத்தாள். அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

பொழுது சாய்கிற நேரம் செல்போன் அடித்தது. அக்கா.

"அக்கா!"

"ஹலோ?" என்றாள் அக்கா. "ஹலோ... யாரு? ஏங்க, காத்து இரையுற மாதிரிதான் இருக்கு, ஒண்ணும் கேட்கல."

"அக்கா, நான்தான். நான் பேசறேன்."

"ஹலோ? சரி விடுங்க. இதோ வீடியோலயே வந்துட்டா. அதுல பேசிக்கலாம்."

போன் துண்டிக்கப்பட்டது.

சாத்தியிருந்த கதவின் அடியில் நீல வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது.

திறந்தாள். தலையணை தரையில் கிடந்தது. லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு பக்கம் அக்காவும் அத்தானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தெரிந்தார்கள். இன்னொரு பக்கம் இந்த அறை, அவளுடைய காலி நாற்காலி. அதைச் சுற்றிப் பச்சை வட்டம். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"எங்கடி, ஆளைக் காணோம்? குரல் மட்டும் வருது" என்றாள் அக்கா.

ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

"ஆங், வந்துட்டா. ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?"

"அக்கா, அது நானில்ல. இவ்வளவு நேரம் பேசினது நானில்ல. நான் வந்துடறேன் அக்கா. இன்னைக்கே வந்துடறேன்."

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அப்ப காலையில போட்ட மெசேஜ்? வந்துடறேன்னு... அத்தான் படிச்சுக் காட்டினாரே." அக்கா நிறுத்தினாள். "விளையாட்டுக்கா? அடிப்பாவி. நான் நிஜம்னு நம்பி ரூமைக் கூட்டிக் கழுவி விட்டேன்டி. உனக்குன்னு புதுப் பாய் வாங்கிப் போட்டிருக்கேன்."

"நிஜம்தான்! அக்கா, அது நிஜம்தான்!"

"என்னங்க, அவ வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் வருது?"

"நெட்டு ஸ்லோ" என்றார் அத்தான். எல்லாம் தெரிந்தவர்போல அவர் திரையில் விரலை ஆட்டினார். "வீடியோவ நிறுத்திடும்மா. குரல் கிளியரா வரும்."

"வேண்டாம் அத்தான்!"

அவள் எதையும் தொடவில்லை. அவள் முகம் இருந்த கட்டம் கறுத்துப் போனது. கறுப்பைச் சுற்றிப் பச்சை வட்டம் மட்டும் மெல்ல விரிந்து சுருங்கியது.

"ம்... இப்ப நல்லா கேட்குது" என்றாள் அக்கா.

அவள் கத்தினாள். மேசையை அடித்தாள். அக்கா அக்கா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "இரு இரு. பின்னாடி யாரோ அழுவுறாப்புல இல்ல?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அக்கா காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டாள். ஒரு கணம். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

பச்சை வட்டம் துடித்தது.

"ஓ, டிவியா?" அக்கா சிரித்தாள். "ஆமா. நின்னுடுச்சு. இப்ப சுத்தமா இல்ல."

அவள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

"சரிடி. உனக்கு அங்கதான் பிடிச்சிருக்குன்னா நான் என்ன சொல்ல? நாளைக்கே அந்த ரூமை வாடகைக்கு விடச் சொல்லிடறேன்." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா இவ்வளவு சந்தோஷமா நீ பேசிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு. அது போதும் எனக்கு. வெச்சிடறேன்."

அக்காவின் கட்டம் மறைந்தது. 'கூட்டத்தில் ஒருவர்' என்று திரை சொன்னது.

வெளியே போய்விட வேண்டும். தெருவுக்குப் போய் யாரையாவது கூப்பிட வேண்டும். எழுந்தாள். நாற்காலி தரையில் உராய்வது கேட்கவில்லை. காலடி கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் முனகியது. கடிகாரம் ஓடியது. "அக்கா" என்று சொல்லிப் பார்த்தாள்.

தொண்டை அதிர்ந்தது. நாக்கு அசைந்தது.

அவள் காதுக்கே அது கேட்கவில்லை.

கறுத்த கட்டத்தில் அவள் முகம் மங்கலாகப் பிரதிபலித்தது, வாய் திறந்தபடி, தன்னால் ஆனமட்டும் திறந்தபடி. அதைச் சுற்றி, அந்த வாயோடு சேராத வேறொரு கதியில், பச்சை வட்டம் விரிந்து சுருங்கியது. அன்று எறிந்த ஹெட்போன் இன்னும் தரையிலேயே கிடந்தது. அதற்குள்ளிருந்து, பதிவாக இல்லாமல் நேராகவே, முதல் தடவையாக அவளுக்கும் அந்தக் குரல் கேட்டது. உதட்டருகே, ஆற அமர, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்வதுபோல.

"அப்பாடா. இப்பதான் வீடு அமைதியா இருக்கு."