தயக்கப்பூட்டு

மூன்றாவது தடவையும் துப்பாக்கி சுட மறுத்தது.

கோமதிநாயகம் விசையை முழுதாகத்தான் இழுத்திருந்தான். உள்ளே எதுவும் நகரவில்லை. குறிநோக்கியின் மூலையில் சிவப்புப் புள்ளி அப்படியே நின்றது. நூறு மீட்டர் தள்ளி, தகரத்தில் வெட்டிய காட்டுப்பன்றி உருவம் வெயிலில் மின்னியது.

"பழுதா மேடம்?"

"இல்ல சார், நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள் துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த எஸ்தர். குறிநோக்கியின் பக்கவாட்டில் மடித்து விரிக்கும் சிறுதிரையில் அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களைத்தான் அதுக்குப் பிடிக்கல."

பின்னால் பாறையில் உட்கார்ந்திருந்த, பயிர்க்காவலில் அவனுக்குத் துணையான மாசானம் சிரித்தார். "பொண்ணு பாக்கப் போன இடத்துல கூட இவனை யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல. கட்டைத் துப்பாக்கி சொல்லிட்டுது."

மலையடிவாரத்தில் ஒவ்வொரு ஊரின் பயிர்க்காப்புச் சங்கத்துக்கும் ஒரு தானேற்றித் துப்பாக்கிக்கு அனுமதி உண்டு. பந்தயத்துக்கும் வேட்டைக்கும் என்று செய்யப்பட்ட ரகம். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். விசையை மட்டும் ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டும். அத்தனை வேகமான ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்று நாடாளுமன்றம் இரண்டு ஆண்டு வாதாடியது. கோபக்காரன் கையில் கூடாது என்றது ஒரு தரப்பு. எதுவும் உறைக்காதவன் கையில் கூடாது என்றது மறுதரப்பு. முடிவாகாமல், சுடுபவனின் மனநிலையைப் படித்துத் திறக்கும் இரண்டு வகை மனப்பூட்டுகளையும் சட்டம் அனுமதித்தது.

எஸ்தர் கொண்டுவந்திருந்த இரண்டில், கறுப்புத் துப்பாக்கியில் இருந்தது அமைதிப்பூட்டு. உலோக உடம்பு, ஆளுக்குத் தக்கபடி நீட்டிக் குறைக்கும் பின்பகுதி, எடை குறைவு. பிடியிலும் கன்னம் படும் இடத்திலும் உள்ள உணர்தகடு நாடித்துடிப்பைப் படிக்கும். சுடுபவன் அமைதியாக இருந்தால்தான் பச்சை.

கட்டைத் துப்பாக்கியில் தயக்கப்பூட்டு. வாதுமை மரக் கட்டை, பழைய வேட்டைத் துப்பாக்கியின் தோற்றம். விசையை இழுக்கும் முன் சுடுபவனின் நெஞ்சு ஒரு கணம் தட்ட வேண்டும். ஓர் உயிரை எடுக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்குத் திறக்காது.

கறுப்பில் கோமதிநாயகம் பத்து சுட்டான். பத்தும் உள்ளங்கை அகலத்துக்குள். மாசானத்துக்குக் கறுப்பு ஒருமுறைகூடப் பச்சை காட்டவில்லை.

"அண்ணாச்சி, மூச்சை விடுங்க," என்றான் கோமதிநாயகம்.

"துப்பாக்கியைக் கையில கொடுத்துட்டு அமைதியா இருன்னா எப்படிவே இருக்க?"

கட்டையைத் தொட்டதும் அவருக்குப் பச்சை எரிந்தது. சுட்டார். தகரப் பன்றிக்குப் பத்தடி மேலே ஒரு பனைமட்டை ஆடியது.

"உயிரோட உள்ள பன்னியா இருந்தா நின்னு சிரிச்சிருக்கும்," என்றார்.

எஸ்தர் கைப்பலகையை எடுத்தாள். "அப்போ கறுப்புன்னு பதிஞ்சிரட்டுமா சார்? ஒருதடவை பதிஞ்சா பருவம் முடியிற வரை மாத்த முடியாது."

"கட்டையே இருக்கட்டும்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"பன்னி பத்தும் இருபதுமா வரும்," என்றான். "முதல் வெடியிலேயே ஊர் நாய் எல்லாம் குரைக்கும். அடிபட்டது அலறும். அந்த நேரத்துல எவனும் அமைதியா இருக்க மாட்டான். கறுப்பு ஒத்தை வெடியோட நின்னுரும். அதுக்கப்புறம் அது உலக்கைதான்."

"உங்களுக்கு நிக்காதே."

"எனக்கு நிக்காது. நான் இல்லாத அன்னைக்கு அண்ணாச்சிதான சுடணும்."

"ஆனா கட்டை உங்களுக்குத் திறக்கவே இல்லையே சார்."

"திறக்க வைக்கலாம். உடம்புதான, பழக்கிரலாம்."

அவன் இயற்பியல் படித்தவன். எந்தப் பூட்டும் ஏதோ ஓர் அளவைத்தான் எதிர்பார்க்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த அளவைக் கொடுத்தால் போதும்.

அன்று மாலை தோட்டா போடாமல் வீட்டில் முயன்றான். பன்றிக்குட்டிகளை நினைத்தான். சிவப்பு. தன் சாவை நினைத்தான். சிவப்பு. தேநீர் போட எழுந்து அடுப்பைப் பற்றவைத்தபோது மனைவி பிரமு ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், காய்ச்சல் வார்டில், மூக்கில் குழாயோடு அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். கேஸை மூடினீங்களா? மூடியதாகச் சொன்னான். மறுநாள் அவள் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அவள் கேட்டதை நினைத்து விசையை இழுத்தான்.

பச்சை. உள்ளே க்ளிக் என்றது.

கண்ணில் நீர் எதுவும் இல்லை. மறுபடி செய்து பார்த்தான். மறுபடி பச்சை. தேநீரைப் போட்டுக் குடித்தான்.

அந்தப் பருவம் அவர்கள் ஊரான மேலக்கடவில் மக்காச்சோளம் தப்பித்தது. முதல் மாதத்தில் பதினோரு பன்றிகள். பக்கத்து ஊர்ப் பயிர்க்காவலர்கள் வந்து வழி கேட்டார்கள். கோமதிநாயகம் சொல்லிக்கொடுத்தான்: "உள்ள வலிக்கிறதா ஒண்ணை எடுத்துக்கோங்க. சுருக்கமா இருக்கணும். நினைச்ச உடனே இழுத்திரணும்." ஒருவர் தம்பியின் சாவை எடுத்துக்கொண்டார். இன்னொருவர் அடிமாட்டுக்கு விற்ற காளையை. தேநீர்க் கடையில் அவர்கள் பேசியது தோட்டா ரகங்களைப் பற்றிய பேச்சு போலவே இருந்தது. "தம்பி எத்தனை நாள் ஓடும்?" "அவன் இன்னும் நல்லாத்தான் ஓடுதான்."

பதினாறாவது பன்றிக்கு அடுப்பு நினைவு வேலை செய்யவில்லை. பிரமு கேட்டாள், அவன் மூடியதாகச் சொன்னான், புள்ளி சிவப்பாகவே இருந்தது. வேறொன்றை எடுத்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, குளிருக்கு அவன் சட்டைப்பைக்குள் அவள் கையை விட்டுக்கொண்டது. அது ஒன்பது பன்றிகளுக்கு வந்தது. நெற்றியில் விழும் முடியை ஊதி விலக்குவாள். அது ஐந்துக்கு. ஒவ்வொன்றும் தீர்ந்த பிறகு, யாரோ ஒருத்தி யாரோ ஒருவன் சட்டைப்பையில் கை விட்டது போல இருந்தது.

கதிர் முற்றியபோது இரண்டு நினைவுகள் மிச்சம். ஒன்று, திருமணத்தன்று அவள் செருப்பு தொலைந்தது. மற்றதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. துப்பாக்கியிடமும் காட்டியதில்லை.

பராமரிப்புக்கு வந்த எஸ்தர் பதிவுகளைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"உங்க திறப்பு நேரம் கூடிக்கிட்டே போகுது சார். எல்லா ஊர்லயும் இதே கதைதான். தயக்கத்துல ஆரம்பிச்சவங்க ஒரு பருவத்துல அமைதிக்கு வந்துருதாங்க." ஜீப்பிலிருந்து கறுப்பை எடுத்து நீட்டினாள். அவன் கன்னம் வைக்கும் முன்பே பச்சை எரிந்தது. "பாத்தீங்களா? அடுத்த பருவத்துக்கு இதையே வாங்கிக்கலாம்."

"இது கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியாமலா சார் ரெண்டையும் ஒரே கம்பெனி செய்யுது?"

மறுநாள் விடியலில் மாசானத்தின் சோள வயல் வரப்பில் அவனும் அவரும் குந்தியிருந்தார்கள். அறுவடைக்கு நான்கு நாள் இருந்தது. போன இரண்டு பருவமும் அவருக்கு ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை.

"இதுவும் போச்சுன்னா திருப்பூர்ல ஏதாவது பனியன் கம்பெனி வாசல்ல வாட்ச்மேனாப் போயிருவேன்," என்றார். "அங்கயாவது பன்னி வராது."

ஓடைப்பக்கம் சோளத்தட்டைகள் ஒடிந்தன. எட்டுப் பன்றிகள். பெரிய ஆண் ஒன்று முன்னால். கோமதிநாயகம் தொலைந்த செருப்பை நினைத்தான். புள்ளி வெகுநேரம் யோசித்துப் பச்சையானது. சுட்டான். ஆண் விழுந்தது. மற்றவை சிதறி, வரப்போரம் போய் நின்று, மெல்லத் திரும்பின.

அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொண்டது. நெஞ்சில் எதுவும் ஏறவில்லை. செருப்பு தீர்ந்துவிட்டது.

"சுடுவே. சோளத்துக்குள்ள இறங்குது பாரு."

மற்றது இருந்தது. அதை எடுத்தால் திறக்கும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். எத்தனை வெடிக்கு வரும் என்பதும் ஏறக்குறைய தெரியும். நினைவின் ஓரம் வரை போனான். அங்கேயே நின்றான்.

துப்பாக்கியை மாசானத்தின் தோளில் வைத்தான்.

"எனக்குக் குறி வராதுவே."

"குறியை நான் பாத்துக்கிடுதேன். நான் சொல்லும்போது நீங்க இழுங்க."

அவர் பின்னால் மண்டியிட்டு, பக்கத்திரையை விரித்தான். இடதுகையால் மரக்கட்டையின் முன்பகுதியைத் தாங்கினான். மாசானத்தின் கன்னம் தகட்டில் நடுங்கியது. பச்சை எரிந்தது.

"இப்போ."

ஒன்று விழுந்தது. குழாயை நகர்த்தினான். பச்சை அணையவே இல்லை. "இப்போ." "இப்போ." நான்காவதோடு மிச்சமிருந்தவை ஓடை தாண்டி மலைக்குள் போய்விட்டன.

வெளிச்சம் வந்தது. சோளம் நின்றது. கோமதிநாயகம் உள்ளுக்குள் தொட்டுப் பார்த்தான். அந்த ஒன்று முழுசாக இருந்தது.

"நல்ல வழிதான் அண்ணாச்சி," என்றான். "இனிமே இப்படியே செய்யலாம். மத்த ஊருக்கும் சொல்லிரலாம். பயப்படுத ஆளு ஒண்ணு, குறி பாக்க ஆளு ஒண்ணு. எந்தப் பூட்டும் திறக்கும்."

மாசானம் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விழுந்துகிடந்தவற்றையே பார்த்தார். கடைசியாக விழுந்தது இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"ஏ கோமதி."

"சொல்லுங்க."

"இப்போ இதுகளைச் சுட்டது நீயா, நானா?"

அவன் பக்கத்திரையில் பதிவைத் திறந்தான். நான்கு வெடி, நான்குக்கும் முறையான தயக்கம். சுட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாசானம் என்று இருந்தது.

அதை அவரிடம் காட்டாமல் திரையை மடித்தான்.