இரும்புக்கு அனுமதி இல்லை

“சாவி, பேனாக்கத்தி, கொண்டை ஊசி... இரும்பு எதுவும் உள்ளே கூடாது” என்று அலிபாக் ஆய்வகத்தின் காவலாளி சொன்னதும் வாலாம்பாளின் கை தலைக்குப் போனது.

கொலாபாவில் நட்சத்திரங்களோடு பூமியின் காந்தத்தையும் அளந்துகொண்டிருந்த பழைய ஆய்வகம். பம்பாய்க்கு மின்சார டிராம் வந்ததும் காந்தக் கருவிகள் மிரண்டுபோய், கடல் தாண்டி இங்கே குடியேறினவாம். மாட்டுங்காவிலிருந்து கூட வந்த ஆபீஸ் தோழிகள் சிரித்துக்கொண்டே ஊசிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வாலாம்பாள் தலைவலி என்று சொல்லி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அறுபத்திநாலில் அந்தப் பெரிய கொண்டைதான் பேஷன். ஆனால் ஊசியை எடுத்தால் சவுரியும் கையோடு வந்துவிடுமே... டைபாய்டு தின்றது போக மிச்சம் கழுத்தளவு முடிதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே...

பெஞ்சின் மறுமுனையில் ஒருவன். கறுப்பு நிறம், குறும்பு வழியும் கண்கள்.

“அம்புட்டுக் கொண்டையும் இரும்பாங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. “உங்க வேலையைப் பாருங்கோ. நீங்க மட்டும் ஏன் உள்ளே போகலையாம்?”

அவன் பேண்ட்டைச் சற்றே தூக்கிக் காட்டினான். பாதத்திலிருந்து மேலே இரும்புப் பட்டை.

“சின்ன வயசுல வந்த காய்ச்சல். இதைக் கழத்துனா நடக்க முடியாது, போட்டா விட மாட்டாங்க. வாசல் வரைக்கும் பாத்தாச்சுல்லா” என்று சிரித்தான். தாராவியில் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவனாம், பெயர் வானமாமலை. இந்த ஆய்வகத்தைப் பார்க்கவே தனியாக லாஞ்ச் ஏறிக் கடல் கடந்து வந்தானாம்.

அந்தச் சிரிப்பில் அவள் கோபம் கரைந்து வெட்கமாகிவிட்டது. எதையும் மறைக்காதவன் எதிரில் தான் மட்டும் எதை மறைப்பது? ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி அவன் உள்ளங்கையில் போட்டாள். சவுரி மடியில் விழுந்தது. அப்போதுதான் தொடங்கிய தூறல் கழுத்தைத் தொட்டது. அவன் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இதுதான் நல்லாருக்கு” என்றான் மெதுவாக. “இப்ப நீங்க உள்ள போலாமே?”

“போகணும்னு தோணலை.”

திரும்பும் லாஞ்சில் கடற்காற்று அவள் குட்டை முடியைக் கலைத்து விளையாடியது. தோழிகள் வாயைப் பிளந்தார்கள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பம்பாய்க் கரையில் இறங்கியதும் வானமாமலை சட்டைப்பையிலிருந்து ஊசிகளை எடுத்து நீட்டினான். அடுத்தடுத்த பேட்டைகள்தான் என்றாலும், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் உள்ள தூரம் அவனுக்குத் தெரியும்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நேக்குப் பிடிச்சவர் கையிலேயே இருக்கட்டும்” என்று தலைகுனிந்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா ஆத்துலதான் இருப்பார்... கோவிச்சுப்பார். பரவாயில்லை, நான் பக்கத்துலயே நிப்பேன். வந்து குடுங்கோ.”