மருந்தில்லாமல் பிழைத்தவர்கள்

காலை ஏழு மணிக்கு எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் திரையைப் பார்ப்போம். முந்தைய நாள் உலகெங்கும் வெளியான ஆய்வுகளை மென்று விழுங்கிவிட்டு, இனி எந்த மருந்து, எத்தனை நாள் என்று நடப்புநெறி என்ற கணினி அமைப்பு அறிவிக்கும். கட்டிலுக்குக் கட்டில் மருந்து செலுத்தும் ஊட்டுபொறிகள் தாமாகவே அதற்கு மாறிக்கொள்ளும். பார்த்தேன் என்று திரையில் பெருவிரல் வைப்பதுதான் என் வேலை. இதற்குப் பன்னிரண்டு வருடம் படித்தேன், போங்கள்.

அன்று வந்த நெறி: கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் தொற்றதிர்ச்சி நோயாளிக்கு ஸ்டீராய்டு ஐந்து நாள் தேவையில்லை, இரண்டே நாளில் நிறுத்தலாம், இறப்பு கூடவில்லை. நான்காம் கட்டிலில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் கலியமூர்த்திக்கு அது மூன்றாம் நாள். பொறி மருந்தை நிறுத்தியது. பத்து மணிக்குள் அவருடைய ரத்த அழுத்தம் நூற்றுப்பத்திலிருந்து எண்பதுக்கு இறங்கிவிட்டது.

அந்த நெறிக்கு அடிப்படையான ஆய்வைத் திறந்தேன். முடிவை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவள் இல்லை நான். நோயாளிகள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்ப்பேன். அட்டவணையில் எங்கள் திருச்சிப் பிரிவும் இருந்தது. இரண்டாம் நாளில் மருந்து நிறுத்தப்பட்டவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் பிழைத்திருந்தார்கள்.

பிழைக்காமல் என்ன செய்வார்கள்? போன வருடம் அந்த ஆய்வுக்கான சோதனை எங்கள் பிரிவில் நடந்தபோது, பொறி நிறுத்திய மருந்தை நான்தான் ஊசியில் எடுத்து ஐந்து நாளும் போட்டேன். பதிவில் ஏற்றவில்லை, தெரிந்தால் உரிமம் போய்விடும். கண்ணெதிரே ஆள் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டதை நினைத்தால் கூசுகிறது.

செவிலியர் ஜெசிந்தா தட்டோடு வந்தார். மருந்தும் ஊசியும் அதில் தயாராக இருந்தன.

"எப்பவும் போல கையால போட்டுடலாமா டாக்டர்?"

"பதிவு பண்ணாமப் போட்டா, இவரையும் மருந்தில்லாமப் பிழைச்சவர்னுதான் நெறி எழுதிக்கும் சிஸ்டர்."

"நாம மட்டுமா? எல்லா ஊர்லயும் இப்படித்தான் போடுறாங்க."

அப்படியென்றால் அந்த ஆய்வில் உண்மையாகவே மருந்தில்லாமல் கிடந்தவர்கள் எத்தனை பேர்? இன்று காலை எத்தனை ஊர்களில் எத்தனை பொறிகள் நின்றிருக்கும்?

"போடுங்க. இந்தத் தடவை பதிவுல ஏத்துங்க, என் பேர்ல."

பிறகு உட்கார்ந்து, பதினான்கு பேருக்கும் நான் எந்தத் தேதியில் எவ்வளவு போட்டேன் என்று எழுதி, நடப்புநெறியை இயக்கும் நெறிமையத்துக்கு அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் நெறி திரும்பப் பெறப்பட்டது. பொறிகள் ஐந்து நாள் கணக்குக்குத் திரும்பின. என் பெருவிரலைத் திரை ஏற்க மறுத்தது; உரிமம் போய்விட்டது.

"பிரஷர் தொண்ணூத்தாறு டாக்டர், ஏறுது," என்றார் ஜெசிந்தா.

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரையின் அடியில் ஒரு வரி வந்திருந்தது: நெறி நடப்பில் இருந்தது நான்கு மணி நேரம், அதற்குள் எல்லா ஊர்களிலும் மருந்து நின்று இறந்தவர்கள் ஒன்பது பேர். பெயர்கள் இல்லை. நான் காப்பாற்றிய பதினான்கு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம்.