நாடி பார்க்க வந்தவர்கள்

வெங்கடப்பனின் மணிக்கட்டில் நாடி இல்லை. விரலை எங்கே நகர்த்தி வைத்தாலும் ஒரு துடிப்புகூடத் தட்டுப்படவில்லை. மனிதரோ வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டரு தம்பி, வண்டி இன்னும் ஓடுமா?"

"நல்லா ஓடுங்க மாமா" என்றான் தீர்த்தகிரி.

வேப்பனப்பள்ளியிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் பிள்ளை அவன். இன்னும் மூன்றாம் வருஷம்தான் என்றால் யார் கேட்கிறார்கள்? லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் மாந்தோப்பு வேலை முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அது லீவு இல்லை என்பது பெற்ற தாய் பூவம்மாளுக்கே தெரியாது. பட்டணத்தில் அவனுக்குத் தூக்கம் தொலைந்து பல வாரமாகியிருந்தது. பிணம் அறுத்துப் படித்த கூடத்தின் நெடி சோற்றிலும் தலையணையிலும் வீசியது. ஒருநாள் வார்டில், பேசிக்கொண்டிருந்த நோயாளியைக் காட்டி, "இவரு செத்துட்டாரு சார்!" என்று அலறிவிட்டான். ஊருக்குப் போய்த் தேறி வா, மறுபடி இப்படி உளறினால் படிப்பு அவ்வளவுதான் என்று கல்லூரியில் அனுப்பிவைத்தார்கள்.

அதனால் நாடி இல்லை என்பதை வெளியே சொல்லவில்லை. அடுத்து பக்கத்து வீட்டு ரங்கம்மா கையை நீட்டினாள். இல்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தை. அதற்கும் இல்லை. சாணப் புகையோடு இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் மூச்சு விட்டால் ஒரு சத்தம் கேட்க வேண்டாமா? ஒவ்வொருவரிடமும் நல்லா இருக்குது என்றான். கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"என் கையையும் பாரு கண்ணு."

களிச் சட்டியோடு அம்மா எதிரே உட்கார்ந்தாள். இவளாவது உயிரோடு இருக்க வேண்டும். பயத்தோடு பிடித்தான்.

அடித்தது! வேகமாக, திண்ணென்று அடித்தது.

"இருக்குதும்மா!" அவனுக்கு அழுகை பொங்கியது.

"இல்லாம எங்கடா போவுது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தியிருந்தான். கட்டைவிரலில் பார்ப்பவனின் நாடியே துடிக்கும்; படித்தவன் எவனும் அதை வைத்துப் பார்க்கமாட்டான். துடித்தது அவனுடையது.

எடுத்தான். மூன்று விரலை வைத்தான். அழுத்தினான். இன்னும் அழுத்தினான்.

ஒன்றுமில்லை.

விரலை எடுத்தான். அம்மாவின் தோலில் மூன்று பள்ளங்கள். பார்த்துக்கொண்டே இருந்தான். அறுப்புக் கூடத்துப் பிணங்களின் தோல்போல, மேலே எழும்பவில்லை.

"எளச்சிட்ட சாமி. வாயத் தொற."

அந்தக் கையாலேயே களியை உருட்டி அவன் உதட்டருகே கொண்டு வந்தாள். பள்ளங்கள் அப்படியே இருந்தன.